எதிரொலியைக் கணக்கிடுவோர்



நான் படித்தது கணினிப் பொறியியல். வேலைக்குச் சேர்ந்தது சிப் வடிவமைப்பில். பணிக்காலத்தில் பெரும்பகுதி போனது மருத்துவ அல்ட்ராசவுண்ட் ஆய்வில். இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று உறவுக்காரர்கள் கேட்பதுண்டு. இப்போது மாணவர்களும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் அறையில் திரையில் தெரியும் படத்தை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. உடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் நேரத்தையும் வலிமையையும் அளந்து, கணக்குப் போட்டு வரைந்த படம் அது. குழந்தையின் கை தெரிகிறது, இதயத்தின் வால்வு திறந்து மூடுகிறது என்றால், அந்தக் கணத்தில் கோடிக்கணக்கான கூட்டல்கள் நடந்து முடிந்திருக்கின்றன. அந்தக் கூட்டலைச் செய்வது மின்சுற்று. எதை, எப்போது, எதனுடன் கூட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது கணினி அறிவு. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தால்தான் இந்தத் துறை நகரும். நான் கண்ட உண்மை இது.

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். மகப்பேறு மருத்துவத்தில் அல்ட்ராசவுண்டைக் கொண்டுவந்தவர் கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. உண்மைதான். போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றி ரேடாரைப் பற்றி அறிந்திருந்தவர் அவர். 1955 ஜூலையில், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் அல்ட்ராசவுண்ட் கருவி அங்கே இருந்தது. நீர்க்கட்டியும் தசைக் கட்டியும் வேறுவேறு எதிரொலி தருகின்றன என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டார். ஆனால் அந்தக் கருவி காட்டியது திரையில் எழும் சில முட்களைத்தான். அதைப் படமாக்கியவர் கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் பிரவுன் என்ற பொறியாளர். அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயது. புரோபைத் தோல் மீது நகர்த்தும்போது அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அளந்து, ஒவ்வொரு எதிரொலியையும் திரையில் அதற்குரிய இடத்தில் புள்ளியாகப் பதியவைத்தார். 1958 ஜூன் 7ஆம் தேதி 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையில் டொனால்ட், மெக்விகார், பிரவுன் என மூவரின் பெயரும் உண்டு. மூன்றாவது பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. பொறியியல் மாணவர்களாகிய நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உயிர் இருக்கிறது. குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்ட நோயாளி அவர். இந்தக் கருவியை வைத்துப் பார்த்ததில் அது பெரிய சூலக நீர்க்கட்டி என்று தெரிந்தது. கட்டியை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். கருவி செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

இனி மின்சுற்றுக்காரன் கண்ணால் இந்தக் கருவியைப் பார்ப்போம். எண்களைக் கவனித்துக் கேளுங்கள், எங்கள் தொழிலின் சுவை முழுதும் அதில்தான் இருக்கிறது.

உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோ வினாடி. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஒன்றைப் பார்க்க 195 மைக்ரோ வினாடி காத்திருக்க வேண்டும். ஒரு படத்துக்கு 128 கோடுகள் என்றால் 25 மில்லி வினாடி. ஆகவே வினாடிக்கு 40 படங்கள்தான் கிடைக்கும். எவ்வளவு வேகமான கணினியை வாங்கி வைத்தாலும் இந்த 40ஐ 41 ஆக்க முடியாது, ஏனென்றால் ஒலியின் வேகம் நம் கையில் இல்லை. இந்தத் தடையைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது வலிமை. ஒலி திசுவுக்குள் போகப் போகத் தேய்கிறது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஏறத்தாழ அரை டெசிபெல் இழப்பு. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அனுப்பித் திரும்பப் பெற்றால் இழப்பு 75 டெசிபெல். மின்னழுத்தக் கணக்கில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இது வழியில் தேய்வது மட்டும். எதிரொலி கிளம்பும்போதே பலவீனமானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் புரோப், தைராய்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் இன்னொரு புரோப் என்று மருத்துவர்கள் மாற்றி மாற்றி எடுப்பது இதனால்தான். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், எட்டும் ஆழம் குறையும்.

இப்போது மின்சுற்றின் சங்கடம் புரிந்திருக்கும். அனுப்பும்போது ஒரு கம்பியில் நூறு வோல்ட் அளவுக்கு அதிர்வைக் கொடுக்கிறோம். அடுத்த சில மைக்ரோ வினாடிகளில் அதே கம்பியில் மைக்ரோவோல்ட் அளவில் வரும் எதிரொலியைக் கேட்க வேண்டும். நூறு வோல்ட் வரும்போது பெருக்கி எரிந்துவிடாமல் காக்க ஒரு ஸ்விட்ச். எதிரொலி வரும்போது அந்த ஸ்விட்ச் இருப்பதே தெரியக்கூடாது. நேரம் ஆக ஆக எதிரொலி மெலிவதால் பெருக்கத்தையும் மைக்ரோ வினாடிக்கு மைக்ரோ வினாடி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மருத்துவர் திரைக்குக் கீழே வரிசையாகத் தள்ளும் சிறு நெம்புகோல்கள் இருக்கின்றனவே, அவை அந்தப் பெருக்கத்தைத்தான் ஆழவாரியாக மாற்றுகின்றன. இத்தனையும் ஒரு சேனலுக்கு. இதுபோல் 64, 128, 192 சேனல்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் கலக்கக்கூடாது. எட்டு சேனல்களின் பெருக்கிகளையும் எண்ணாக மாற்றும் சுற்றுகளையும் ஒரே சிப்பில் அடக்கும் காலம் 2000களின் பிற்பகுதியில் வந்தது. அதன் பிறகு மடிக்கணினி அளவு ஸ்கேன் கருவிகளின் படம் இன்னும் மேம்பட்டது.

டிஜிட்டல் சிப் வடிவமைப்பிலிருந்து நான் இந்தப் பக்கம் வந்தபோது எனக்கு இதெல்லாம் புதிது. டிஜிட்டல் உலகில் ஒன்று என்றால் ஒன்று, சுழியம் என்றால் சுழியம். இங்கே மின்சாரம் வரும் வழியே படத்தில் தெரியும். அதைக் கற்றுக்கொண்ட கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் உருவாக்கிய ஒரு மாதிரிக் கருவியை மருத்துவமனை ஒன்றில் சோதனைக்கு வைத்திருந்தோம். கழுத்தின் பெருந்தமனியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் வேலை. ஆய்வகத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அங்கே ஸ்கேன் பார்த்த மருத்துவர் மூத்தவர், பொறுமைசாலி. திரையில் ரத்த ஓட்டத்தின் அலை அழகாக ஏறி இறங்கியது. ஆனால் அதற்குக் குறுக்கே மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருந்தது. "தம்பி, இந்தக் கோடு காலையில மேல இருந்துச்சு, மத்தியானம் கீழ வந்துடுச்சு. ஏசியை நிறுத்தினா இன்னும் கீழ இறங்குது. ரத்தம் இப்படி ஓடாது. உங்க மெஷின்லதான் ஏதோ ஓடுது" என்றார்.

அந்தச் சில வாக்கியங்களில் நோய் நாடல் முழுதும் முடிந்துவிட்டது. அறையின் சூட்டுக்கு ஏற்ப நகரும் கோடு என்றால், சூட்டுக்கு ஏற்ப அதிர்வெண் மாறும் ஏதோ ஒன்று கருவிக்குள் இருக்கிறது என்று பொருள். மின்சாரம் வழங்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளைதான் அது. அது ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் எழும் சிறு இரைச்சலின் மடங்குகள் எங்கள் எதிரொலி வரும் அதிர்வெண்ணிலேயே விழுந்தன. நூறு டெசிபெல் அளவுக்குப் பெருக்கும் இடத்தில் சிறு இரைச்சல் என்று ஒன்று கிடையாது. இரைச்சலை மறைக்க உலோகக் கவசம் போடலாம், வடிகட்டி சேர்க்கலாம். அவற்றையெல்லாம் செய்தோம். கோடு மங்கியது, போகவில்லை.

தீர்வு கணக்கில் இருந்தது. டாப்ளர் என்பது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் எதிரொலி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பது. மாறாதது எதுவோ அது அசையாத திசு. அதை வடிகட்டிக் கழித்துவிடுவோம். அப்படியானால் இரைச்சலையும் மாறாததாக்கிவிட்டால்? பவர் சப்ளையைத் தன்னிச்சையாக ஓடவிடாமல், கருவியின் மூலக் கடிகாரத்தோடு பூட்டினோம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் அது சரியாக முழு எண் தடவை திறந்து மூடும்படி அமைத்தோம். இரைச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வந்தது. அசையாத திசு என்று நினைத்து வடிகட்டியே அதைக் கழித்துவிட்டது. திரையில் கோடு இல்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, "இப்ப ரத்தம் மட்டும் ஓடுது" என்றார். மின்சுற்று மட்டும் தெரிந்தவர் கவசத்தோடு நின்றிருப்பார். அல்காரிதம் மட்டும் தெரிந்தவருக்குக் கோடு எங்கிருந்து வருகிறது என்றே தெரிந்திருக்காது. ஏசியை நிறுத்திப் பார்த்தவரோ மருத்துவர். மூவரும் ஒரே அறையில் இருந்ததால் வேலை முடிந்தது.

அடுத்து, கற்றையை வளைக்கும் கலை. ஆங்கிலச் சொல்லாகவே பீம்ஃபார்மிங் என்று எங்கள் துறையில் சொல்கிறோம். திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறார்கள், தெருவோரம் 128 பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று வையுங்கள். அருகில் நிற்பவருக்கு முதலில் கேட்கும், ஓரத்தில் நிற்பவருக்குப் பிந்திக் கேட்கும். யார் யாருக்கு எவ்வளவு பிந்தியது என்று குறித்துக்கொண்டால், வேட்டு வெடித்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். புரோபின் நுனியில் உள்ள 128 படிகத் துண்டுகளும் அப்படித்தான் கேட்கின்றன. உடலில் நாம் பார்க்க விரும்பும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் எந்தத் துண்டுக்கு எவ்வளவு தாமதம் என்று கணக்கிட்டு, அதை ஈடுசெய்து, 128ஐயும் கூட்ட வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து வந்த எதிரொலிகள் ஒன்றுசேர்ந்து உயரும். மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சி 200 நானோ வினாடி. தாமதம் அதில் பத்து நானோ வினாடி அளவுக்காவது சரியாக இருக்க வேண்டும்.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். யான் சோமர் 1968இல் 21 துண்டுகளோடு கற்றையை மின்னணு முறையில் திருப்பினார். ராட்டர்டாமில் நிகோலாஸ் போம் 1970களின் தொடக்கத்தில் 20 துண்டுகளை வரிசையில் வைத்து, துடிக்கும் இதயத்தை நேரடியாகக் காட்டினார். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் தர்ஸ்டன், ஃபான் ராம் இருவரும் தாமதங்களைக் கணினியின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். பிறகு சாமுவேல் மாஸ்லாக். எச்.பி. நிறுவனத்திலிருந்து வெளியே வந்து 1979இல் இரண்டு நண்பர்களோடு அக்யூசான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1983இல் வந்த அக்யூசான் 128 கருவியில் 128 சேனல்கள். மென்பொருள் கட்டளைப்படி கற்றை அமைந்தது. அதைப் பார்த்த கதிரியக்க மருத்துவர்கள், இத்தனை நாள் பார்த்தது வேறு, இது வேறு என்றார்கள். கணினியையும் மின்சுற்றையும் ஒரே வடிவமாக யோசித்ததால் வந்த தாவல் அது.

அதே பத்தாண்டில் ஜப்பானில் இன்னொன்று நடந்தது. என் மனதுக்கு மிகவும் நெருக்கமான ஆய்வுக் கட்டுரை அதுதான். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் எட்டு, பத்து துடிப்புகள்தான் கிடைக்கும், அதற்கு மேல் காத்திருந்தால் படம் நின்றுவிடும். அன்றைய மின்சுற்றில் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஃபூரியர் கணக்கை உடனுக்குடன் போட வழியில்லை. கசாய், நமேகவா, கோயானோ, ஓமோட்டோ நால்வரும் 1985இல் வெளியிட்ட வழி எளிமையானது. ஒரு துடிப்பின் எதிரொலியை அடுத்த துடிப்பின் எதிரொலியோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வா, கிடைக்கும் எண்ணின் கோணமே சராசரி வேகம். சில பெருக்கல், சில கூட்டல், கடைசியில் ஒரு கோணம். அன்றைய மின்சுற்று தாங்கும் அளவுக்குக் கணக்கைச் சுருக்கிவிட்டார்கள். இன்று இதய ஸ்கேனில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கின் வழித்தோன்றல்தான் ஓடுகிறது.

இப்போது வேலை புரோபின் கைப்பிடிக்குள் நுழைந்துவிட்டது. முப்பரிமாண இதயப் படம் எடுக்கும் புரோபில் சுமார் 3,000 துண்டுகள். 3,000 கம்பிகளைக் கேபிளில் இழுக்க முடியாது. ஆகவே கூட்டலின் முதல் கட்டத்தைக் கைப்பிடிக்குள்ளேயே ஒரு சிப் செய்துவிடும், வெளியே சில நூறு கம்பிகள் வந்தால் போதும். ஆனால் சிப் சூடாகும். நோயாளியின் உடலில் படும் பரப்பு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. மூவாயிரம் சேனல்களும் சேர்ந்து சில வாட்டுக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் எவ்வளவு குடிக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் தொழில் அது. படிகத்துக்குப் பதில் சிலிக்கானிலேயே நுண்ணிய அதிரும் சவ்வுகளை அமைக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டில் குரி-யாகுப் குழு 1990களில் வளர்த்தது. அந்த வழியில் வந்த பட்டர்ஃப்ளை ஐகியூ, கைபேசியில் செருகும் ஒற்றைப் புரோபாக 2017இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

முன்பு 40 படங்கள் என்ற தடையைச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். கோடு கோடாக அனுப்பாமல் உடல் முழுவதும் ஒரே தட்டை அலையை அனுப்பி, எல்லாச் சேனல்களையும் அப்படியே பதிவு செய்து, கோடுகள் அத்தனையையும் பிறகு கணக்கில் உருவாக்கினால் வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் கிடைக்கும். பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க், மிக்கேல் டான்டர் குழு இதைச் செய்தது. அதனால் என்ன பயன் என்றால், திசுவுக்குள் வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஊரும் குறுக்கலையைப் படம்பிடிக்கலாம். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை ஊசி குத்தாமல் அளக்கலாம். விலை என்ன? 128 சேனல், ஒவ்வொன்றும் வினாடிக்கு 4 கோடி மாதிரிகள், மாதிரிக்கு இரண்டு பைட் என்றால் வினாடிக்கு 10 கிகாபைட்டுக்கு மேல். அதை வாங்கவும் நகர்த்தவும் கூட்டவும் கிராஃபிக்ஸ் செயலிகள் வேண்டும். கணினிப் பொறியாளர்கள் இந்தத் துறைக்குத் தேவை என்று நான் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான். டென்மார்க்கில் யோர்கன் யென்சன் எழுதிய ஃபீல்டு-2 என்ற உருவகப்படுத்தும் நிரல் உங்கள் விடுதிக் கணினியிலேயே ஓடும். கருவி வாங்கப் பணம் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. நம் நாட்டில் இந்தக் கருவி பெண் சிசுக்களைக் கருவிலேயே கொல்லவும் பயன்பட்டது. பிறந்த பெண் குழந்தைகளைக் காக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை தமிழ்நாட்டுக்கு இருந்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994இல் வந்தது, 2003இல் இறுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு பெற வேண்டும், பதிவு பெறாத இடத்துக்கு விற்கக்கூடாது. கைபேசிப் புரோப் செய்யும் இளைஞர்கள் சிலர் இந்தச் சட்டத்தை ஒரு தொல்லையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. கையில் அடங்கும் கருவி கிராமத்துச் செவிலியருக்கு வரம். அதே கருவி தவறான கைக்கும் எளிதில் போய்ச்சேரும். கருவி செய்பவர் முதல் வரைபடத்திலேயே இதை யோசிக்க வேண்டும். நுரையீரல் நீரையோ கழுத்துத் தமனியையோ மட்டும் பார்க்கும் கருவிகளைப் படமே காட்டாமல் அளவு மட்டும் சொல்லும்படி வடிவமைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் எச்.டி.ஐ.சி. மையமும் உருவாக்கிய ஆர்ட்சென்ஸ், படம் இல்லாமலேயே தமனியின் விறைப்பை அளக்கிறது. நம் ஊரிலேயே பாதை போடப்பட்டிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிப் வடிவமைப்பு என்றதும் எல்லோரும் டிஜிட்டல் பக்கமே ஓடுகிறீர்கள். அனலாக் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உடலிலிருந்து வருவது எதுவும் ஒன்றும் சுழியமுமாக வருவதில்லை. ஒரு பெருக்கியை நீங்களே பற்றவைத்து, ஆஸிலாஸ்கோப்பில் அதன் இரைச்சலை அளந்து பாருங்கள்.

பேராசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இன்னொரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டப்பணி தொடங்குமுன், ஒவ்வொரு மாணவர் குழுவையும் நோயாளிகளின் ஒப்புதலோடு ஸ்கேன் அறையில் ஒரு வாரம் உட்காரவையுங்கள். மருத்துவரின் மணிக்கட்டு எங்கே வலிக்கிறது, எந்தப் பொத்தானைத் தேடித் தடவுகிறார், எந்தப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார் என்று குறித்து வரட்டும். தலைப்பை இணையத்தில் தேடாமல் அந்தக் குறிப்பிலிருந்து எடுக்கட்டும். மின்னணுத் துறைத் தலைவரும் மருத்துவக் கல்லூரியின் ரேடியாலஜி பேராசிரியரும் இதோ முன்வரிசையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறீர்கள். இன்று தேநீர் இடைவேளையிலேயே பேசி, இந்தப் பருவத்துக்கே நாள் குறித்துவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.